ஒரே காதல் கதை. ஏன் இத்தனை தீர்ப்புகள்?

ஒரு நாவலைப் படித்த இருவர், தாங்கள் படித்தது ஒரே நூல்தானா என்று ஐயுறும் அளவுக்கு மாறுபட்ட தீர்ப்புகளை வழங்குவது இலக்கிய உலகில் புதிதன்று. ஆனால், கண்ணீரை வரவழைக்கும் பதின்பருவக் காதல் கதைகளைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிகவும் கூர்மை பெறுகிறது. ஒருவர் அதைத் தம் வாழ்வோடு கலந்துவிட்ட நூல் என்கிறார். மற்றொருவர் வெறும் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்குகிறார். மூன்றாமவர் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் அதை வைக்க வேண்டும் என்கிறார். இந்த மூன்று குரல்களும் ஒருசேர ஒலிக்கக் காரணமான அண்மைக்கால நூல், அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் எழுதி 2012 ஜனவரியில் வெளிவந்த ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ என்ற நாவல்.

அதன் வெற்றியைச் சொல்லச் சில எண்களே போதும். எழுதி முடிக்கப்படும் முன்பே, 2011 ஜூனில் தலைப்பு அறிவிக்கப்பட்டவுடன், முன்பதிவுகளைக் கொண்டே அமேசான் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அது எட்டியது. முதல் அச்சின் ஒன்றரை லட்சம் பிரதிகளிலும் ஆசிரியர் தம் கையொப்பத்தை இட்டார். 2012-ன் சிறந்த புனைகதைகளின் வரிசையில் ‘டைம்’ இதழ் அதற்கு முதலிடம் அளித்தது. 1.2 கோடி டாலர் செலவில் உருவாகி 2014 ஜூனில் வெளியான திரைப்படம் உலகெங்கும் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அமெரிக்காவில் வெளியான வார இறுதியில், டாம் குரூஸ் நடித்த பெருஞ்செலவுப் படம் ஒன்றையும் அது பின்னுக்குத் தள்ளியது. நம் நாட்டில் இதே கதை 2020-ல், ஏ.ஆர். ரஹ்மான் இசையமைப்பில், ‘தில் பேச்சாரா’ என்ற இந்திப் படமாக வந்தது.

ரசனை அவரவர் விருப்பம், அதைப் பற்றி வாதிடுவது வீண் என்று இவ்விவகாரத்தை எளிதில் தள்ளிவிடலாம். ஆனால், இந்நூலைப் பற்றிய கருத்துகள் வாசகர்களின் நெஞ்சோடு நின்றுவிடவில்லை. பள்ளி நூலக அலமாரியில் எது இருக்கலாம், பதின்பருவத்தினர் மரணத்தைப் பற்றி எவ்வளவு படிக்கலாம், வளர்ந்தவர்கள் எதைப் படித்தால் வெட்கப்பட வேண்டும் என்பன போன்ற வினாக்களுக்கு அக்கருத்துகளே விடையாக முன்வைக்கப்பட்டன. ஆகவே, அவை ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் புரிந்துகொள்வது அவசியமாகிறது.

கதையும் அதன் பிறப்பும்

இண்டியானாபொலிஸ் நகரில் வாழும் ஹேசல் கிரேஸ் லங்காஸ்டருக்கு வயது 16. தைராய்டு சுரப்பியில் தோன்றிய புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டதால், ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டே நடமாடுகிறாள். தேவாலயம் ஒன்றில் நடைபெறும் நோயாளிகளின் கூட்டத்தில், எலும்புப் புற்றால் ஒரு காலை இழந்த 17 வயது அகஸ்டஸ் வாட்டர்ஸைச் சந்திக்கிறாள். ஹேசலுக்கு மிகவும் பிடித்த நாவல் ஒன்று பாதி வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாத்திரங்களுக்கு என்ன நேர்ந்தது என்று அதன் ஆசிரியரிடமே கேட்டறிய இருவரும் ஆம்ஸ்டர்டாம் செல்கிறார்கள். அந்த மனிதரோ குடிபோதையில் அவர்களை அவமதிக்கிறார். அகஸ்டஸின் நோய் திரும்பிவிட்டது என்ற உண்மையும் அந்நகரில்தான் வெளிப்படுகிறது. ஹேசலின் மரணத்தை எதிர்பார்த்துப் படித்து வந்த வாசகர், இறுதியில் அகஸ்டஸின் சவ அடக்கத்தில் நிற்க நேர்கிறது.

நூலின் தலைப்பு, ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் காஸியஸ் புரூட்டஸிடம் பேசும் ஒரு வாதத்தைத் தலைகீழாக்குகிறது. நம் தாழ்நிலைக்கு விதியைப் பழிக்காமல் நம்மையே பழித்துக்கொள்ள வேண்டும் என்பது காஸியஸின் கட்சி. பதினாறு வயதில் ஒருத்திக்குப் புற்று வந்தால் அதில் அவளுடைய குற்றம் என்ன என்று திருப்பிக் கேட்கிறது கிரீனின் தலைப்பு.

இளமையில் மதகுருவாக எண்ணியிருந்த கிரீன், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சில மாதங்கள் ஆன்மிகத் துணைவராகப் பணியாற்றினார். அங்கு கண்டதைக் கதையாக்கப் பல ஆண்டுகள் முயன்றும் கைகூடவில்லை. பின்னர், தைராய்டு புற்றால் பாதிக்கப்பட்டிருந்த எஸ்தர் கிரேஸ் ஏர்ல் என்ற வாசகியுடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது. எஸ்தர் 2010 ஆகஸ்டில், தம் 16-வது வயதில் இறந்தார். நாவல் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. ஹேசலும் எஸ்தரும் ஒருவரல்லர் என்று கிரீன் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறார். எனினும், இந்தப் பின்னணியை அறிந்து படிப்பவரும் அறியாமல் படிப்பவரும் ஒரே மனநிலையில் படிப்பதில்லை. கருத்து வேறுபாட்டின் முதல் விதை இங்கேயே விழுந்துவிடுகிறது.

குற்றச்சாட்டுகளும் மறுமொழிகளும்

இந்நாவலின் மீதான குறைகளைத் தொகுத்தால் மூன்று முதன்மையாக நிற்கின்றன. முதலாவது, பேச்சு நடை. பதினாறு, பதினேழு வயதினர் இவ்வளவு சாமர்த்தியமாக, தத்துவ நூல் படித்தவர்களைப் போலப் பேசுவார்களா என்பது கேள்வி. அகஸ்டஸ் பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு அதற்கு ஓர் உருவக விளக்கம் தருவதைப் பலர் பாசாங்கு என்று நகைத்தார்கள். இரண்டாவது, நோயை அழகுபடுத்துதல். பிரிட்டனின் ‘டெய்லி மெயில்’ நாளிதழ் 2013 ஜனவரியில், இளையோரின் நோயையும் சாவையும் பேசும் இவ்வகை நூல்களுக்கு இழிவான ஒரு பட்டப்பெயரையே சூட்டி, அவற்றால் தீங்கு விளையும் என்று எச்சரித்தது. மூன்றாவது, ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் ஒளிந்து வாழ்ந்த வீட்டில் காதலர்கள் முதல்முறையாக முத்தமிடும் காட்சி. இனப்படுகொலையின் நினைவிடத்தைக் காதலுக்கு அரங்கமாக்கியது பண்பற்ற செயல் என்று சிலர் சினந்தார்கள்.

இம்மூன்றுக்கும் நாவலை விரும்புவோர் மறுமொழி வைத்திருக்கிறார்கள். சாவை அருகில் கண்ட பிள்ளைகள் வயதுக்கு மீறிப் பேசுவதில் வியப்பில்லை என்கிறார்கள். அகஸ்டஸின் பாசாங்கை ஆசிரியர் அறிந்தே எழுதியிருக்கிறார், கதை நகர நகர அந்த வேடம் கலைகிறது என்று சுட்டுகிறார்கள். பற்றவைக்காத சிகரெட்டைக் கொண்டு வீரம் காட்டியவன், பின்னொரு நாள் இரவில் தனியே சிகரெட் வாங்கச் சென்று, பெட்ரோல் நிலையத்தில் நோய் முற்றி வாந்தியெடுத்துக் கிடக்கிறான். அவனுக்காக ஹேசல் ஆம்புலன்ஸை அழைக்க நேர்கிறது. அந்த அத்தியாயத்தைப் படித்தபின், இந்நூல் நோயை அழகுபடுத்துகிறது என்று கூறுவது கடினமே.

நோயாளியைத் தியாகச் சிலையாக்கும் வழக்கத்தையே நாவல் கேலி செய்கிறது என்பது மற்றொரு வாதம். ‘போராடி வென்றவர்’, ‘புன்னகையோடு தாங்கியவர்’ என்ற வழக்கமான புகழுரைகளை ஹேசல் சகிப்பதில்லை. தன் மரணம் பெற்றோரைச் சிதறடித்துவிடும் என்ற அச்சமே அவளை வாட்டுகிறது. ஆன் ஃபிராங்க் வீட்டுக் காட்சியிலும், மூச்சுத் திணறலோடு செங்குத்தான படிகளை ஏறி வந்த ஒரு பெண்ணின் உயிர்ப்பைச் சிலர் காண்கிறார்கள். ஆனால், அங்கிருந்த பார்வையாளர்கள் கைதட்டுவதாக எழுதியிருப்பதை இவ்வாதத்தால் காப்பாற்ற இயலாது. அந்தக் கைதட்டல் தேவையற்ற மிகை என்பதே என் கருத்து.

இரு தரப்பும் நூலை ஒழுங்காகப் படித்தவர்களே. இரு தரப்பும் சுட்டும் இடங்கள் நூலில் உள்ளவையே. ஒரே சான்றை முன்வைத்து இருவர் எதிரெதிர் முடிவுக்கு வருகிறார்கள் என்றால், காரணத்தைச் சான்றில் தேடிப் பயனில்லை. சான்றை எடைபோடுபவரிடம்தான் தேட வேண்டும்.

முன்பு படித்தவை ஒரு முதலீடு

பொருளாதாரவியல் இங்கே எதிர்பாராத துணையாகிறது. ஜார்ஜ் ஸ்டிக்லர், கேரி பெக்கர் ஆகிய இரு சிகாகோ அறிஞர்கள், ரசனையைப் பற்றி வாதிட முடியாது என்று பொருள்படும் லத்தீன் பழமொழியைத் தலைப்பாகக் கொண்டு 1977-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பின்னாளில் இருவருமே வெவ்வேறு ஆண்டுகளில் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதர்களின் அடிப்படை விருப்பங்கள் அவ்வளவாக வேறுபடுவதில்லை, வேறுபடுபவை அவர்களுடைய சூழ்நிலைகளே என்பது அக்கட்டுரையின் சாரம். இசையை அவர்கள் உதாரணம் காட்டினார்கள். இசையைக் கேட்கக் கேட்க, அதைச் சுவைக்கும் திறன் ஒரு மூலதனம்போல் நம்முள் சேர்கிறது. ஆகவே, அதே பாட்டு இருபது ஆண்டுகள் இசை கேட்டவருக்குத் தருவது வேறு. நேற்றுத் தொடங்கியவருக்குத் தருவது வேறு.

இசையில் அனுபவம் சேரச் சேர இன்பம் கூடுகிறது. உருக்கமான காதல் கதையிலோ அது பெரும்பாலும் எதிர்த்திசையில் செயல்படுகிறது என்பது என் துணிபு. 1774-ல் கதே எழுதிய ‘இளம் வெர்தரின் துயரங்கள்’ நாவலைப் படித்து ஐரோப்பிய இளைஞர்கள் கதாநாயகனைப் போலவே நீலச் சட்டையும் மஞ்சள் உள்ளங்கியும் அணிந்து திரிந்தார்கள். அடுத்த ஆண்டே லைப்சிக் நகரம் நூலின் விற்பனையையும் அந்த உடையையும் தடைசெய்தது. 1970-ல் வந்த எரிக் சீகலின் ‘லவ் ஸ்டோரி’, இளம் மனைவியின் மரணத்தைச் சொல்லிப் பல லட்சம் வாசகர்களை அழவைத்தது. அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கு அது முன்மொழியப்பட்டபோது, எழுத்தாளர் வில்லியம் ஸ்டைரன் தலைமையிலான நடுவர்கள் அதை இலக்கியமாகவே ஏற்க மறுத்தார்கள்; பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நோயும் காதலும் மரணமும் சேர்ந்த கதையின் அச்சு மிகப் பழையது.

ஐம்பது வயது விமர்சகர் இந்த வரிசை முழுவதையும் மனத்தில் சுமந்துகொண்டு கிரீனின் நாவலைத் திறக்கிறார். பத்தாம் பக்கத்திலேயே முடிவு அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கண்ணீர் எந்த இடத்தில் கோரப்படும் என்பதும் தெரிகிறது. பதினைந்து வயது வாசகிக்கோ இதுவே முதல் கதை. சாவு என்பது முதியவர்களுக்கு மட்டும் நேர்வதன்று என்ற செய்தியை அவள் முதன்முறையாக இந்தப் பக்கங்களில் சந்திக்கிறாள். விமர்சகர் பழமையைக் காண்பதும் உண்மை. சிறுமி புதுமையைக் காண்பதும் உண்மை. ஒருவருடைய அனுபவத்தைக் கொண்டு மற்றவருடையதைப் பொய்யென்று நிரூபிக்க முடியாது. அதேவேளையில், சிறுமியின் பரவசத்தையே இலக்கியத் தரத்துக்கு உரைகல்லாகக் கொள்ளவும் முடியாது. அவளும் நாளை நூறு கதைகள் படிப்பாள். அப்போது இதே நூலுக்கு அவளே வேறொரு தீர்ப்பு எழுதக்கூடும்.

ரசனையும் மதிப்பும்

சேர்ந்துள்ள வாசிப்பு அனுபவம் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979-ல் வெளியிட்ட ஆய்வு நூலில், ரசனை என்பது சமூகத்தில் ஒருவருடைய இடத்தைக் காட்டும் அடையாளமாகவும் இயங்குகிறது என்று வாதிட்டார். நாம் எதை விரும்புகிறோம் என்பதைக் காட்டிலும், எதை வெறுக்கிறோம் என்று அறிவிப்பதன் மூலமே நம்மை உயர்த்திக்கொள்கிறோம். எளிதில் கிடைக்கும் இன்பத்தை மறுப்பதே மேட்டிமை ரசனையின் முதல் இலக்கணம். அவ்விலக்கணத்தின்படி, அழவைக்கும் கதை எப்போதும் சந்தேகத்துக்குரியது. அதிலும் அதன் வாசகர்களில் பெரும்பகுதி பதின்பருவப் பெண்கள் என்றால், இகழ்ச்சிக்கு வேறு காரணமே வேண்டியதில்லை. விளையாட்டுப் போட்டியில் தோற்ற அணிக்காக நடுவயது ஆண்கள் சிந்தும் கண்ணீரை எவரும் இவ்வாறு ஏளனம் செய்வதில்லை.

திரைப்படம் வெளியான அதே வாரத்தில், ‘ஸ்லேட்’ இதழில் ரூத் கிரகாம் எழுதிய கட்டுரை இந்தப் பூசலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இளையோருக்காக எழுதப்பட்டதைப் படிக்கும் வளர்ந்தவர்கள் அதற்காக வெட்கப்பட வேண்டும் என்பது அவருடைய வாதம். இளையோருக்கான நூல்களை வாங்குவோரில் 55 விழுக்காட்டினர் 18 வயதைக் கடந்தவர்கள் என்று பௌக்கர் என்ற புத்தகச் சந்தை ஆய்வு நிறுவனம் 2012-ல் கண்டறிந்திருந்தது. ஆகவே, அக்கட்டுரை சுட்டியது ஒரு சிறு கூட்டத்தை அன்று. அவர் வாதத்தில் கொள்ளத்தக்க ஒரு பகுதி உண்டு: எல்லா முடிச்சுகளும் அவிழ்ந்து நிறைவளிக்கும் முடிவுகளுக்கே பழகிவிட்டால், விடையில்லாக் கதைகளைத் தாங்கும் வலிமை குன்றும். ஆனால், வெட்கம் என்ற சொல் வந்தவுடன் பேச்சு நூலை விட்டு வாசகரின் தகுதிக்குத் தாவிவிடுகிறது. தாக்கப்பட்டவர்கள் நூலை மிகையாகப் போற்றித் தம்மைத் தற்காத்துக்கொண்டார்கள். நடுநிலைக் கருத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

சராசரி மறைப்பவை

இன்று கருத்துகள் எண்களாகத் திரட்டப்படுகின்றன. குட்ரீட்ஸ் தளத்தில் இந்நாவலுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மதிப்பெண் அளித்திருக்கிறார்கள். சராசரி, ஐந்துக்கு நான்கைச் சற்றே தாண்டுகிறது. இந்த ஒற்றை எண் என்ன சொல்கிறது? நூறு பேரில் ஐம்பது பேர் ஐந்தும் மற்ற ஐம்பது பேர் ஒன்றும் அளித்தாலும் சராசரி மூன்று. நூறு பேரும் மூன்றே அளித்தாலும் சராசரி மூன்று. முதல் நூல் ஊரை இரண்டாக்கியது. இரண்டாவது நூல் எவரையும் அசைக்கவில்லை. சராசரி இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது.

மதிப்பிடுபவர்கள் யார் என்பதும் காலத்துக்கேற்ப மாறுகிறது. பலாஸ் கோவாச், அமண்டா ஷார்க்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, பெரிய விருது பெற்ற நூல்களின் வாசகர் மதிப்பெண்கள், விருதுக்குப் பிறகு உயர்வதற்கு மாறாகக் குறைவதைக் காட்டியது. விருதுக்கு முன் அந்நூலை நாடியவர்கள் அவ்வகை எழுத்தை விரும்புபவர்கள். விருதுக்குப் பின் வந்தவர்களில் பலர் புகழைக் கேட்டு வந்தவர்கள். கிரீனின் நாவலுக்கும் இது பொருந்தும் என்று கருத இடமுண்டு. ஆசிரியரின் எழுத்தை முன்பே நேசித்தவர்களே முதலில் படித்தார்கள். ‘டைம்’ இதழின் பாராட்டும் திரைப்படமும் வந்தபின், நண்பர்களின் வற்புறுத்தலால் படித்தவர்கள் சேர்ந்தார்கள். ஏமாற்றத்தின் ஒரு பகுதியை உருவாக்கியது நூலைச் சூழ்ந்த ஆரவாரமே.

இந்திப் பதிப்பின் அனுபவம் இதைவிட வெளிப்படையானது. ‘தில் பேச்சாரா’வின் நாயகன் சுஷாந்த் சிங் ராஜ்புத் 2020 ஜூன் 14-ல் மறைந்தார். படம் ஜூலை 24-ல் இணையவழி வெளியானது. முதல் சில நாட்களில் ஐஎம்டிபி தளத்தில் அதன் மதிப்பெண் பத்துக்கு ஒன்பதைத் தாண்டி நின்றது. இளைஞன் ஒருவன் இறப்பதைத் திரையில் கண்டவர்கள், உண்மையிலேயே இறந்துவிட்ட ஓர் இளைஞனுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அதைத் திரைப்படத் திறனாய்வு என்று கொள்வதும் தவறு. பொய்யென்று தள்ளுவதும் தவறு. வாசகரும் பார்வையாளரும் தாங்கள் வாழும் வேளையின் துயரத்தோடுதான் கதைக்குள் நுழைகிறார்கள்.

கண்ணீரின் விலை

அப்படியானால், எல்லாக் கருத்தும் சமம் என்று கைகழுவிவிடலாமா? கூடாது. மிகையுணர்ச்சி என்ற குற்றச்சாட்டைச் சோதிக்க ஓர் அளவுகோல் உண்டு. கதையில் துயரத்தின் செலவை யார் ஏற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மலிவான கதையில் கதாநாயகி அழகாக இறக்கிறாள், கதாநாயகன் அழகாக அழுகிறான். செலவுக் கணக்கு எங்கும் காட்டப்படுவதில்லை.

இந்நாவலில் கணக்கின் ஒரு பகுதி நேர்மையாகக் காட்டப்படுகிறது. மகளின் இறப்புக்குப் பிறகும் தாய் வாழ்ந்தாக வேண்டும். ஹேசலின் தாய், மகளுக்குத் தெரியாமல் சமூகப் பணிக் கல்வி பயின்று வருகிறாள். அதை அறிந்த ஹேசல் காயமடையாமல் நிம்மதியடைகிறாள். எனக்குப் பிறகும் அம்மாவுக்கு ஒரு வாழ்வு உண்டு என்ற அந்த நிம்மதி, எளிதில் எழுதிவிடக்கூடிய காட்சியன்று. குடிகார எழுத்தாளரின் முரட்டுத்தனத்துக்குப் பின்னும், தன் மகளைப் புற்றுக்குப் பறிகொடுத்த தந்தை ஒருவர் இருக்கிறார். துயரம் எல்லோரையும் மேன்மைப்படுத்திவிடாது, சிலரை அது கெடுத்தும் விடும் என்று ஒப்புக்கொள்ளும் கதையை வெறும் சர்க்கரைப் பாகு என்பது நியாயமாகாது.

கணக்கின் மற்றொரு பகுதி மங்கலாகவே விடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் நீண்டகாலப் புற்றுநோய்ச் சிகிச்சை நடுத்தரக் குடும்பங்களையும் கடனில் தள்ளக்கூடியது. நாவலில் அச்செலவு கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கோ, நோயுற்ற பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் அறக்கட்டளை பணம் தருகிறது. ஹேசலை உயிரோடு வைத்திருக்கும் மருந்து கற்பனையானது என்று ஆசிரியரே குறிப்பிடுகிறார். மருந்து கற்பனையாக இருப்பதில் தவறில்லை. அதன் விலையும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டதே குறை. இந்நூலைப் பற்றிய வாதங்களில் முத்தக் காட்சிக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இக்கேள்விக்குக் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் மருந்தின் விலையே கிரீனின் முதன்மைக் கவலையாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுலின் மாத்திரையின் காப்புரிமையை ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நீட்டிக்க முயன்றபோது, 2023 ஜூலையில் அவர் தம் வாசகர்களையும் பார்வையாளர்களையும் திரட்டி எதிர்க்குரல் எழுப்பினார். எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகளும் காசநோயிலிருந்து மீண்டவர்களும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே போராடி வந்தார்கள். கூடுதல் காப்புரிமைக்கான விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் அவ்வாண்டு மார்ச்சிலேயே நிராகரித்திருந்தது. எல்லாம் சேர்ந்த அழுத்தத்தில், பெரும்பாலான ஏழை, நடுத்தர நாடுகளுக்குப் பொதுப்பெயர் மருந்து செல்ல வழி பிறந்தது. உலகளாவிய கொள்முதல் அமைப்பின் வழியே ஆறு மாதச் சிகிச்சைக்கான மாத்திரையின் விலை ஏறத்தாழ 130 டாலராக, பாதிக்கும் கீழே இறங்கியது. கற்பனை நோயாளிக்காக ஒருகாலத்தில் அழுத வாசகர்களில் ஒரு பகுதியினர் உண்மை நோயாளிகளுக்காகக் குரல் கொடுத்தார்கள். கண்ணீர் பயனற்றது என்ற வாதத்துக்கு இது ஒரு மறுப்பு. கண்ணீர் மட்டுமே போதும் என்ற வாதத்துக்கும் இது மறுப்பே.

கருத்து ஆணையாகும்போது

ஒருவருடைய கருத்து அவரோடு நிற்கும்வரை, அதனால் பிறருக்கு இழப்பில்லை. அது பொது நூலகத்தின் விதியாக மாறும்போது நிலைமை வேறு. 2014 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகரப் பள்ளி மாவட்டத்தில், பெற்றோர் ஒருவரின் முறையீட்டின் பேரில், நடுநிலைப் பள்ளி நூலகங்களிலிருந்து இந்நாவலை நீக்க ஒரு குழு ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில் முடிவு செய்தது. காதலர்களின் நெருக்கமும் மரணம் பற்றிய பேச்சும் அவ்வயதுக்கு ஏற்றவையல்ல என்பது ஆட்சேபம். 2023-ல், கதை நிகழும் இண்டியானாபொலிஸின் புறநகர்களுக்குச் சேவை புரியும் ஹாமில்டன் ஈஸ்ட் பொது நூலகத்தில், இந்நாவல் இளையோர் பிரிவிலிருந்து வயதுவந்தோர் பிரிவுக்கு மாற்றப்பட்டது. ஆசிரியர் உட்படப் பலர் எதிர்த்தபின் பழைய இடத்துக்கே அது திரும்பியது.

தம் பதினொரு வயதுப் பிள்ளை இந்நூலை இப்போது படிக்க வேண்டாம் என்று முடிவு செய்ய ஒரு தாய்க்கு முழு உரிமை உண்டு. அம்முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால், தம் பிள்ளைக்குப் பொருந்தாதது ஊரார் பிள்ளைகள் எவருக்கும் பொருந்தாது என்று அதே தாய் தீர்மானிக்கும்போது, அதன் விலையை வேறொருவர் செலுத்துகிறார். பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்போம்: முடிவெடுப்பவர் ஒருவர், இழப்பவர் மற்றொருவர். இங்கே இழப்பவர், வகுப்பில் தோழியைப் புற்றுக்கு இழந்து, அதைப் பற்றிப் பேச வீட்டில் ஒருவரும் இல்லாமல் நூலகத்துக்கு வரும் பிள்ளையாகவும் இருக்கலாம். நூலை நீக்கிய பெரியவர்களும் நூலைக் கண்டு நகைத்த விமர்சகர்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே பிழையைச் செய்கிறார்கள்: இளையவர்களின் துயரம் உண்மையானதுதானா என்பதைத் தாங்களே தீர்மானிக்கிறார்கள்.

இத்தகைய நூலைப் பற்றிய கருத்துகளைப் படிக்கும்போது, அவற்றைத் தீர்ப்புகளாகக் கொள்ளாமல் சாட்சியங்களாகக் கொள்வதே முறை. சொல்பவர் எந்த வயதில் படித்தார், அதற்குமுன் எவற்றைப் படித்திருந்தார், தாமே நாடிப் படித்தாரா, ஊர் புகழ்ந்ததால் படித்தாரா, அவர் வீட்டில் நோயாளி எவரேனும் உண்டா என்று கேட்டால், முரண்பாடுகளில் பெரும்பகுதி தெளிவாகிவிடும். எஞ்சி நிற்கும் பகுதியே உண்மையான இலக்கிய வாதம். அது நூலின் பக்கங்களைச் சுட்டி நடைபெற வேண்டும்.

நம் வீட்டில் பதின்பருவப் பிள்ளை ஒரு காதல் கதையைப் படித்துக் கண் சிவந்து அமர்ந்திருந்தால், நூலின் தரத்தைப் பற்றிய நம் கருத்தைச் சொல்ல அவசரம் வேண்டாம். எந்தப் பக்கத்தில் அழுகை வந்தது என்று கேட்கலாம். பிறகு அந்தப் பக்கத்தை நாமும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.